தூண்டில் கேள்வி-பதில்: அணை திறக்கும் நேரமும் குளிர்கால ட்ரௌட்டும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி: ஆண்டு இறுதி விடுமுறை, பிள்ளைகள் இருக்கும் குளிர்நாடு, கையில் புதிதாக வாங்கிய ஃப்ளை ராட், அதாவது நூலும் இறகும் சுற்றிய பொய்ப்பூச்சியை (ஃப்ளை) வீசும் தூண்டில். ஆகவே காசு கட்டிப் பிடிக்கும் குளங்களைப் பற்றிய கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன.

ஐயா, டிசம்பரில் மூன்று வாரம் அமெரிக்காவில், டென்னசியில் மகள் வீட்டில் இருப்பேன். அரை மணி நேரத்தில் சவுத் ஹோல்ஸ்டன் ஆறு. ஃப்ளை போட்டு ட்ரௌட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்க ஆசை. “குளிர்காலத்தில் அணையைத் திறந்துவிட்டுக்கொண்டே இருப்பார்கள், ஆற்றில் காலே வைக்க முடியாது மாமா” என்கிறார் மருமகன். மூன்று வாரமும் வீட்டில்தானா? — வாசகர், செந்தூல்

மருமகன் சொல்வது பாதி சரி. அக்டோபர், நவம்பருக்குப் பெரும்பாலும் பொருந்தும். டிசம்பருக்கு அந்த ஆண்டின் மழையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்த அணையை நடத்துவது டென்னசி வேலி அதாரிட்டி, சுருக்கமாக டி.வி.ஏ. அந்த வட்டாரத்தில் வெள்ள அபாயம் அதிகமுள்ள காலம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. கோடையில் பெய்வதைக் காடே குடித்துவிடும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த மரம் நீர் கேட்காது, பெய்ததெல்லாம் ஓடி ஆற்றில் விழும். அதை வாங்கிக்கொள்ள ஏரியில் இடம் வேண்டும் என்பதால், கோடைக்காகத் தேக்கி வைத்ததை செப்டம்பர் தொடக்கத்திலிருந்து இறக்கி, ஜனவரி 1 வாக்கில் குளிர்கால மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வறண்ட இலையுதிர் காலமாக இருந்தால் நீங்கள் போய் இறங்கும்போது ஏரி ஏற்கெனவே இறங்கியிருக்கும், மின்சாரம் தேவைப்படும் சில மணி நேரம்தான் டர்பைன் ஓடும். நவம்பரில் பெருமழை கொட்டியிருந்தால் பகல் முழுக்க ஓடும். அந்த வாரம் வேறு ஆற்றைத் தேடுங்கள்.

சவுத் ஹோல்ஸ்டனில் இருப்பது ஒரே டர்பைன். அது முழுதாக ஓடினால் வினாடிக்கு ஏறத்தாழ 2,500 கன அடி, அதாவது 70 கன மீட்டர். அதில் நின்று மீன்பிடிக்க முடியாது, படகுதான். டர்பைன் நின்றால் அதே இடத்தில் முழங்கால் நீரில் நடக்கலாம். அணைக்குச் சற்றுக் கீழே 1991இல் கட்டிய தடுப்பணை ஒன்று, டர்பைன் நிற்கும் நேரத்திலும் ஆறு வற்றாமல் பார்த்துக்கொள்கிறது. நீருக்குக் காற்றும் ஏற்றுகிறது.

மலேசியாவில் மின்தேவை உச்சம் தொடுவது ஏர்கான் ஓடும் பிற்பகலில். அங்கே குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் விடியற்காலையில். அதனால் காலையில் திறந்து, முற்பகலில் நிறுத்தி, மாலையில் மறுபடி திறப்பது அடிக்கடி காணும் ஒழுங்கு. இதை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள். டி.வி.ஏ. தன் செயலியில் மறுநாள் மணிவாரி அட்டவணையை முந்தின மாலையே போடும். படுக்குமுன் ஒரு தடவை, ஆற்றங்கரையில் காரை நிறுத்திய பிறகு ஒரு தடவை பாருங்கள், ஏனெனில் முன்னறிவிப்பில்லாமல் மாற்றும் உரிமை அவர்களுக்கு உண்டு. கைக்கடிகாரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அந்த ஊர் நமக்கு 13 மணி நேரம் பின்னால்.

அட்டவணையில் உள்ளது அணை வாயிலின் நேரம். நீங்கள் நிற்கும் இடத்துக்கு நீர் வரும் நேரத்தை நீங்கள்தான் கணக்கிட வேண்டும். ஏறும் நீர் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். ஆற்றுக்கு ஆறு இது மாறும், உள்ளூர் ஃப்ளை கடையில் கேட்டால் மடு வாரியாகச் சொல்வார்கள். காலை 9க்கு நிறுத்தினால் 8 கிலோமீட்டர் கீழே மட்டம் இறங்கத் தொடங்கவே ஏறக்குறைய 11 ஆகிவிடும், நடக்கும் அளவுக்கு வடிய இன்னும் ஒரு மணி நேரம். ஏறும்போது விறுவிறுவென ஏறும், வடியும்போது சொட்டுச் சொட்டாகத்தான் வடியும்.

இதை உங்களுக்குச் சாதகமாகவும் ஆக்கலாம். டர்பைன் நின்றவுடன் முதலில் இறங்குவது அணையடி. அங்கே 9.30க்குத் தொடங்குங்கள். மதியம் 1 மணிக்குக் காரில் 10 கிலோமீட்டர் கீழே போய்விடுங்கள். பிற்பகல் 3க்கு மறுபடி திறந்தாலும் அந்த நீர் அங்கே வந்துசேர 5 மணி ஆகும், டிசம்பரில் அதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். 4.30க்கே கரையேறிவிடுங்கள். கணக்கு தவறலாம், நீர் காத்திருக்காது.

பனி பெய்யும் ஊரில் ஆறு உறையாமல் இருப்பது எப்படி? உறையாவிட்டாலும் அந்தக் குளிரில் மீன் சாப்பிடுமா? — வாசகி, பாயான் லெப்பாஸ்

நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் இலேசாகி மேலே மிதக்கும், மேலேயே உறையும். ஆழமான அணையின் அடியிலிருந்து எடுக்கும் நீர் ஆகவே 4 டிகிரியோ சற்றுக் கூடவோதான் இருக்கும், வெளியே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் சரி. கோடையில் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ச்சியாக வரும் அதே நீர், ஜனவரியில் சுற்றுப்புறத்தைவிட வெதுவெதுப்பாக வரும். அணை இல்லாத மலையாறு பூஜ்யத்தில் பனிக்கூழாக ஓடும்போது அணைக்குக் கீழே சில கிலோமீட்டருக்கு ஆவி பறக்கும்.

சாப்பிடும், ஆனால் தேடிப் போகாது. 5 டிகிரி நீரில் ட்ரௌட்டின் செரிமானம் மெதுவாகிவிடும். ஓர் இரைக்காக ஒரு முழம் நகர்வதுகூட அதற்கு நட்டம். மெல்ல ஓடும் மடுவின் அடியில் படுத்துக்கொண்டு, மூக்குக்கு நேரே வருவதை மட்டும் வாய் திறந்து வாங்கும். அப்படி வருவது பெரும்பாலும் மிட்ஜ் என்ற, கொசு மாதிரி இருந்தும் கடிக்காத பூச்சியின் புழுவும் கூட்டுப்புழுவும். அரிசியில் பாதி நீளம்.

அதற்கான ஃப்ளையை நீங்களே கட்டலாம்: 20ஆம் எண் முள் (எண் கூடக்கூட முள் சிறியது), 1.5 மில்லிமீட்டர் மணி, கருப்பு நூல் ஒரே அடுக்கு, அதன்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பி 5 சுற்று. அவ்வளவுதான். நூலை இரண்டாம் அடுக்கு சுற்றினால் தடித்துவிடும். பழகாத கை கெடுப்பது அங்கேதான்.

பூட்டும் முறை: லைன் முனையில் 9 அடி லீடர் என்ற கூம்பிய நரம்பு, அதன் முனை 4எக்ஸ் (எக்ஸ் எண் கூடக்கூட மெல்லியது). அதன் நுனியில் 5எக்ஸ் டிப்பெட், அதாவது 0.15 மில்லிமீட்டர் தங்கூசி, 50 சென்டிமீட்டர் முடியுங்கள். அந்த முடிச்சுக்கு மேலே ஈயக் குண்டு, அப்போது அது ஃப்ளை பக்கம் வழுக்கி இறங்காது. முதல் ஃப்ளை 16ஆம் எண். அதன் முள்வளைவிலேயே 6எக்ஸ் தங்கூசி 40 சென்டிமீட்டர் கட்டி, முனையில் 20ஆம் எண் மிட்ஜ். குண்டிலிருந்து தக்கை வரை நீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம். முடிச்சை எச்சிலில் நனைத்த பிறகே இறுக்குங்கள். உலர்ந்த மெல்லிய தங்கூசி உராய்ந்து சூடாகி, முடிச்சருகில் பலம் போய்விடும். விறைத்த விரலால் 6எக்ஸ் கட்டவே முடியாது. இங்கே வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பத்து சோடி கட்டி, நீச்சல் குளத்து நுரைக் குழாய்த் துண்டில் சுற்றி எடுத்துப் போங்கள்.

ஒரே மடுவில் ஒரு மணி நேரத்தில் நாலு மீன். பிறகு அணை நீர் வந்தது, அரை அடிதான் ஏறியது. அதற்குப் பிறகு ஒரு கடியும் இல்லை. அரை அடிக்கா இப்படி? — வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

அரை அடி என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டீர்கள். அகலமான ஆற்றில் மட்டம் அரை அடி ஏறினால் வேகமும் சேர்ந்து ஏறும், ஓடும் நீரின் அளவு இரட்டிப்பாகியிருக்கலாம். உங்கள் ஈயக் குண்டு பழைய வேகத்துக்குப் போட்டது. புது வேகத்தில் ஃப்ளை மீனின் தலைக்கு மேலே பறந்து போயிருக்கிறது.

ஏறத் தொடங்கிய முதல் அரை மணி நேரம் உண்மையில் நல்ல நேரம். கரையோரப் பாசி, கல்லடிப் பூச்சி, மண்புழு எல்லாம் பெயர்ந்து மிதந்து வரும். அப்போது மிட்ஜை விட்டுவிட்டு 14ஆம் எண் புழு ஃப்ளையோ, சின்ன இறால் மாதிரியான ஸ்கட் ஃப்ளையோ போட வேண்டும். பிறகு இலையும் பாசியும் ஒவ்வொரு வீச்சிலும் முள்ளில் மாட்டும், மீனும் நடு ஆற்றை விட்டுவிடும். எங்கே போகும்? வேகம் குறைந்த இடத்துக்கு: கரையிலிருந்து ஒன்று, இரண்டு மீட்டருக்குள், பாறைக்குப் பின்னால், வளைவின் உட்புறம். பல சமயம் நீங்கள் நின்றுகொண்டிருக்கும் இடத்துக்கே வந்திருக்கும். கரையேறி, கரையிலிருந்தே போடுங்கள்.

ஃப்ளையை மாற்றுமுன் எடையை மாற்றுங்கள். மூன்று முறை விட்டும் தக்கை ஒருமுறைகூடத் தயங்கவில்லை என்றால் அடியைத் தொடவில்லை, 0.4 கிராம் குண்டு ஒன்று சேருங்கள். ஒவ்வொரு முறையும் சிக்கினால் ஒன்று எடுங்கள். தக்கை, அருகில் மிதக்கும் நுரையைவிடச் சற்றே மெதுவாகப் போக வேண்டும், அடிநீர் எப்போதும் மேல்நீரைவிட மெதுவானது. நுரையை முந்திப் போனால் லைன் இழுக்கிறது என்று பொருள், லைனைத் தூக்கி நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் போட்டுவிடுங்கள். குளிர்நீரில் கடி என்பது தக்கை மூழ்குவது அல்ல. ஓரிரு விரல் தயக்கம், அவ்வளவே. சந்தேகம் வந்தாலே ராட்டை மெல்லத் தூக்குங்கள்.

கெப்பாலா ஆயேர் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அணை நீர் அதைவிடவா ஆபத்து? — வாசகர், செலாயாங்

வேறு மாதிரி ஆபத்து. உலு லங்காட், கோல குபு பாரு பக்கம் வரும் கெப்பாலா ஆயேர், மலையில் பெய்த மழை ஒரே மூச்சில் இறங்குவது. மேகம் இருட்டும், நீர் கலங்கும், இலை தழை முன்னால் வரும். அணை நீருக்கு இந்த அடையாளங்கள் இல்லாமலும் போகலாம். வானம் வெளுத்திருக்கும், நீர் கண்ணாடியாக இருக்கும், மட்டம் மட்டும் ஏறும். அடியிலிருந்து வரும் நீருக்குக் கலங்கக் காரணமில்லை. சைரன் அணையடியில் கேட்கும், நாலு கிலோமீட்டர் தள்ளிக் கேட்காது.

இறங்கும்போதே நீர்விளிம்பில் ஒரு கல்லைக் குறித்துக்கொள்ளுங்கள், பாதி நனைந்து பாதி காய்ந்த கல். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். காய்ந்த பாதி மறைந்தால் மீன் முள்ளில் இருந்தாலும் கரைக்கு வாருங்கள். கடந்து போன இடத்தைத் திரும்பக் கடக்க வேண்டியிருக்கும் என்பதைத்தான் பலரும் மறக்கிறார்கள். அக்கரையில் நின்றால் உங்கள் கல் இக்கரையில் இருந்து பயனில்லை.

இறங்கலாமா என்பதற்கு ஒரு கணக்கு: ஆழத்தை மீட்டரிலும், வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்குங்கள். 0.9ஐத் தாண்டினால் வேண்டாம். ஓர் இலையை விடுங்கள், 5 மீட்டரை 4 வினாடியில் கடந்தால் வேகம் 1.25. ஆழம் 0.8 மீட்டர் என்றால் பெருக்கல் 1.0. இடுப்புக்குக் கீழேதான் நீர், ஆனாலும் ஆளைத் தள்ளிவிடும். உயரம் குறைந்தவர்கள், வயதானவர்கள் 0.6ஐயே எல்லையாக வையுங்கள். வேடர் என்ற நீர்புகா நீள்காற்சட்டை போட்டிருந்தால் இடுப்பில் பெல்ட்டை இறுக்குங்கள், விழுந்தால் உள்ளே நீர் நிறைவதை அதுதான் தாமதப்படுத்தும்.

இங்கே தோமானுக்கு (விரால் இன மீன்) வாங்கிய லைனையே ட்ரௌட்டுக்கும் கொண்டு போகலாமா? — வாசகர், பட்டர்வொர்த்

வேண்டாம். நம் வெயிலில் குழையாமல் இருக்க அந்த லைனுக்குக் கெட்டியான மேற்பூச்சு போட்டிருப்பார்கள். 3 டிகிரியில் அது கம்பிச்சுருள் ஆகிவிடும். எவ்வளவு இழுத்தாலும் வளையம் நிமிராது, தக்கை தானாக நகரும், கடி தெரியாது. குளிர்நீர் லைன் வாங்குங்கள். அதை இங்கே கொண்டுவந்து செபாராவ் என்ற நம் ஆற்று மீனுக்குப் போட்டால் ராட் வளையங்களில் பசை மாதிரி ஒட்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

குளிர்நாட்டுக் கதை இருக்கட்டும் அண்ணே. தெமெங்கோரில் தெங்குஜோ நேரத்தில் செபாராவ் ஃப்ளைக்கு வருமா? எப்போது போகலாம்? — வாசகர், செபராங் ஜெயா

நல்ல கேள்வி. நம்மிடம் பனி இல்லை, ஆனால் அணை மட்டம் ஏறி இறங்குவது உண்டு, மீனும் அதற்குத்தான் நகர்கிறது. பேராக் ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று நான்கு அணைகள் படிக்கட்டு மாதிரி. மேலே உள்ள தெமெங்கோர்தான் பெரிய தொட்டி, நீர் சேர்வதும் குறைவதும் அங்கே நன்றாகத் தெரியும்.

தெங்குஜோ, அதாவது வடகிழக்குப் பருவமழைக் காலம், நவம்பரிலிருந்து மார்ச் வரை என்று கணக்கு. மட்டம் ஏறும் வாரங்களில் கரைப்புதர் மூழ்கும், சிறுமீன் அதற்குள் புகும், செபாராவ் பின்னாலேயே போய்ச் சிதறிவிடும். படகிலிருந்து பார்த்தால் எல்லா இடமும் நல்ல இடமாகத் தெரியும், எங்கும் மீன் இருக்காது. அப்போது சிற்றாறு ஏரியில் கலக்கும் வாய்களை மட்டும் பாருங்கள். செந்நீரும் தெளிநீரும் சந்திக்கும் கோடு ஒன்று பளிச்சென்று தெரியும். செபாராவ் கோட்டின் தெளிந்த பக்கம் நின்று கலங்கிய பக்கத்திலிருந்து வருவதை அடிக்கும். ஃப்ளையைக் கலங்கலில் போட்டு, கோட்டைக் கடந்து தெளிவுக்கு இழுங்கள். முழுக்கக் கலங்கியிருந்தால் போட்டுப் பயனில்லை, அது கண்ணால் வேட்டையாடும் மீன்.

எங்களைக் கேட்டால் மழை ஓய்ந்து மட்டம் இறங்கத் தொடங்கும் நாட்கள்தான் வேண்டும். புதரிலிருந்து மீன் வெளியே வந்தாக வேண்டும். மூழ்கிய பட்டமரங்கள், நம் ஆட்கள் ரெபா என்று சொல்வது, அவற்றின் ஓரத்திலும் கரை சட்டென்று ஆழமாகும் விளிம்பிலும் கூட்டமாக நிற்கும். 7 அல்லது 8ஆம் எடை எண் லைனுக்கான ராட், 0.40 மில்லிமீட்டர் தங்கூசி, கண்மணி பதித்த க்ளவ்சர் ஃப்ளை 7 சென்டிமீட்டர். மெல்லிய தங்கூசி ரெபாவில் முதல் பாய்ச்சலிலேயே போய்விடும். ரோயல் பெலும் வனப்பூங்கா எல்லைக்குள் போவதென்றால் அனுமதிச் சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

ஜூலையில் நியூசிலாந்து போகிறோம். டோங்காரிரோ ஆற்றில் அப்போது நீர் எப்படி? பயன்படுத்திய வேடர், பூட்ஸ் கொண்டு போகலாமா? — வாசகி, ஆயர் ஈத்தாம்

அங்கே ஜூலை நடுக்குளிர்காலம், தௌப்போ ஏரியிலிருந்து ரெயின்போ ட்ரௌட் முட்டையிட ஆறேறும் பருவம். மின்திட்டத்துக்காக ஆற்று நீரில் ஒரு பங்கைத் திருப்பிவிடுகிறார்கள், ஆனாலும் பௌத்து மதகுக்குக் கீழே வினாடிக்குக் குறைந்தது 16 கன மீட்டர் விட்டாக வேண்டும் என்று விதி. ஆகவே மழையில்லாத வாரம் மட்டம் ஒரே சீராக இருக்கும், மீன் பெரும்பாலும் ஏரிவாயிலேயே தங்கும். மழை பெய்து ஆறு பொங்கினால்தான் கூட்டமாக ஏறும். பொங்கும் நாளில் ஆற்றங்கரை ஊரான டூராங்கியில் காப்பி குடித்துக்கொண்டிருங்கள். வடிந்து, நீர் பச்சை கலந்த நிறத்துக்கு வரும் மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உங்கள் நாள். கனமான டங்ஸ்டன் மணி ஃப்ளை முன்னால், முட்டை மாதிரி சின்ன உருண்டை ஃப்ளை பின்னால். தௌப்போ வட்டாரத்துக்கு உரிமச் சீட்டு தனி, நாட்டின் பிற பகுதிக்கு எடுத்தது செல்லாது.

கம்பளி அடிப்பாகம் வைத்த பூட்ஸ் அங்கே 2008 முதல் தடை, ஆற்றுப் பாசி பரவுகிறது என்பதால். ரப்பர் அடி வாங்குங்கள். பயன்படுத்திய எதையும் சோப்பு நீரில் ஊறவைத்துத் தேய்த்து, முழுக்கக் காயவைத்து, விமான நிலையத்தில் அறிவியுங்கள். பூட்ஸ் நாடா துளையில் ஒட்டிய மண்ணைப் பழைய பல்துலக்கியால் எடுங்கள், சோதனையில் முதலில் பார்ப்பது அதைத்தான். இறகு சுற்றிய ஃப்ளைகளையும் சேர்த்து அறிவியுங்கள்.

ஆற்றடியில் சில இடம் மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெளுப்பாக இருக்கிறதே, அங்கே மீன் நிற்குமா? — வாசகர், கெப்போங்

நிற்கும், பிடிக்கக் கூடாது. பழுப்பு ட்ரௌட் வாலால் கூழாங்கல்லைக் கிளறி முட்டை புதைத்த குழி அது. மிதித்தால் முட்டை நசுங்கும். அணை மட்டம் திடீரென இறங்கினால் இந்தக் குழிகள் காற்றில் காய்ந்துபோகும். அந்தச் சேதமே போதும், நம் கால் வேறு வேண்டாம். குழிக்குக் கீழே, ஆழமான பக்கத்தில் மிதந்து வரும் முட்டைக்காகக் காத்திருக்கும் மீனுக்குப் போடலாம். உறைநிலைக்குக் கீழே காற்று இருக்கும் நாளில் எதைப் பிடித்தாலும் வலையை நீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். படத்துக்காக மேலே தூக்கினால் ஈரச் செவுள் உறையத் தொடங்கிவிடும்.